ஜன்னலில் நீண்ட கை

பிள்ளையை ஜன்னல் வழியாகக் கொடுத்தபோது மாதேஸ்வரி அந்தக் கையை மட்டும்தான் பார்த்தாள். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்துக் கறுத்த ஒரு தழும்பு. கொழந்தைய இப்படிக் குடுத்துட்டு நீ ஏறி வாம்மா என்று அந்தக் கையே பேசியது போலத்தான் இருந்தது. கைக்கு மேலே ஒரு தோள் இருந்திருக்கும், தோளுக்கு மேலே ஒரு முகம் இருந்திருக்கும், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டணத்துக்கு வந்ததிலிருந்து அவள் யார் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்தால் அதுவும் திரும்பிப் பார்க்கிறது, என்ன வேணும் என்கிறது, எந்த ஊரு என்கிறது. கையும் காலும் ஒன்றும் கேட்பதில்லை. தெருவில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நடப்பாள், குழாயடியில் குடங்களையும் அவற்றைப் பிடித்த விரல்களையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து அறை குல்சார் அக்காவே ரொம்ப நாளைக்கு அவளுக்கு மருதாணி வைத்த நகமாகத்தான் இருந்தாள், முகம் பிறகுதான் வந்தது. பிள்ளையைக் கொடுத்த கையோடு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படிக்கு ஓடினாள். படியில் ஆள்மேல் ஆளாக இருந்தார்கள். யாரோ முதுகில் கை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார்கள், அவளாக ஏறவில்லை, ஏற்றப்பட்டாள். பஸ் நகர்ந்தபோது டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் பெட்டியின் சூடு பாதத்தில் ஏற, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு லேசாக இருந்தது. எத்தனை நாளாயிற்று, இரண்டு கையும் இப்படிச் சும்மா இருந்து.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஊரில், அரூர் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் செய்வதுதான். பஸ் வந்து நின்றால் ஜன்னல் வழியாக முதலில் துண்டு போகும், பை போகும், குழந்தை போகும், அப்புறம்தான் ஆள் போகும். உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். ஏறின பிறகு சாவகாசமாகப் போய் வாங்கிக்கொள்ளலாம், வாங்காமல் கோட்டப்பட்டி வரைக்கும் விட்டாலும் விட்டதுதான், தூங்குது இருக்கட்டும் விடு என்பார்கள். அங்கே பஸ் நின்றால் நின்றதுதான். டிரைவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டு வரும்வரை நிற்கும். இங்கே கோழி தானியத்தைக் கொத்துகிற மாதிரி நின்றும் நிற்காமலும் ஒரு கொத்து, ஒரு ஓட்டம். அவள் அதை யோசிக்கவில்லை. கை நீண்டது, கொடுத்தாள். அவ்வளவுதான். பின்னால் எங்கேயோ ஒரு மடியில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் காதில் வைத்த பஞ்சோடு, மஞ்சள் சட்டையோடு, வாயைப் பாதி திறந்துகொண்டு தூங்குவான். காற்று வரும். ஜன்னலோரம். நல்ல இடம்தான்.

டிக்கெட் டிக்கெட் என்ற குரல் பஸ்ஸின் நடுவிலிருந்து வந்தது. அவள் உதட்டுக்குள் பள்ளிக்கரணை ஒண்ணு என்றாள். முன்னால் நின்ற அம்மாள் அதை வாங்கிச் சத்தமாகப் பின்னால் சொன்னாள், பின்னால் ஒருவர் இன்னும் பின்னால் சொன்னார், கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் காகிதம் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. பொம்பளைகளுக்குக் காசில்லாத டிக்கெட். ரோஸ் மூஞ்சி பஸ்ஸா பாத்து ஏறு, அதுல காசு வாங்க மாட்டாங்க என்று குல்சார் அக்கா காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். கண்டக்டராண்ட வாயத் தொறந்து கேளு, வெக்கப்பட்டுக்கினு நின்னின்னா மேடவாக்கத்துல போயி முழிப்ப. அந்த ரோஸ் என்ற சொல் மனதில் வந்து ஒட்டிக்கொண்டது. முகத்தில் ரோஸ் பூசின பஸ். சைதாப்பேட்டை நிறுத்தத்தில் அவள் நின்றபோது ரோஸ் பஸ் வந்தது. வந்தது ஒன்றா? அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்ததே. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் ஒட்டி நின்றன, இரண்டுக்கும் ஒரே முகம். கை நீண்டது எந்த பஸ்ஸிலிருந்து? அவள் ஓடினாள், எந்தப் பக்கம் ஓடினாள்? முன்பக்கமா, பின்பக்கமா? கூட்டத்தோடு ஓடினாள். கூட்டம் எந்தப் படிக்கு ஓடியதோ அந்தப் படியில் ஏறினாள். முன் பஸ்ஸின் பின் ஜன்னலில் கொடுத்துவிட்டு, பின் பஸ்ஸின் முன் படியில் ஏறியிருந்தால்? கையிலிருந்த டிக்கெட் நனைந்து சுருண்டது. அதில் குழந்தை என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

இல்லை, இதே பஸ்தான். படிக்கு ஓடும்போது இடது கை பக்கம் டீக்கடை இருந்தது. இருந்ததா? இளநீர் வண்டி இருந்தது. சீவிப் போட்ட இளநீர் மட்டை ஒன்றை மிதித்தாள், கால் வழுக்கியது, இன்னும் செருப்பில் அந்த ஈரம் பிசுபிசுக்கிறது. அப்படியானால் இளநீர் வண்டியைத் தாண்டி ஓடியிருக்கிறாள். கொடுத்தது வண்டிக்கு முன்னாலா, பின்னாலா? நினைவு அந்த இளநீர் மட்டையில் வந்து வந்து வழுக்கியது. ஜன்னல், கை, வளையல், மட்டை. மறுபடி ஜன்னல், கை. ஒவ்வொரு தடவை ஓட்டிப் பார்க்கும்போதும் நடுவில் ஒரு துண்டு இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவது போல மனசு அங்கேயே தடவியது. கேட்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். டிரைவருக்கு மேலே தகரத்தில் எழுதியிருந்ததை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஓ-ட்-டு-ந-ரு-ட-ன் பே-சா-தீ-ர்-க-ள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு அச்சடித்த எழுத்து என்றால் வாத்தியார் மாதிரி, சொன்னால் சொன்னதுதான். கண்டக்டர் பின்னால் எங்கேயோ இருக்கிறார், விசில் சத்தமாக மட்டும். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏங்க என்றாள். அந்தப் பெண்ணின் காதில் சின்ன வெள்ளைக் கொட்டைகள் மாதிரி இரண்டு, அவற்றோடு அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். ஏங்க என்றாள் மறுபடி. இந்த ஊரில் அவள் குரல் அவள் மூக்கு நுனியைத் தாண்டிப் போனதே இல்லை.

ரேஸ்கோர்ஸ் பக்கம் பஸ் வளைந்தபோது மரங்களின் நிழல் எல்லார் மேலும் ஓடியது. எல்லாரும் தண்ணீருக்குள் நிற்பது போல இருந்தது, கம்பியைப் பிடித்த கைகளெல்லாம் ஆற்றுக்குள் ஆடும் கோரை மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. மரங்களுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் நின்றன. கண்ணாடிக் கட்டடம் கண்ணில் பட்டால் அவள் உச்சியைப் பார்ப்பாள், அது பழக்கமாகிவிட்டது. வேடியப்பன் அங்கே எதிலாவது தொங்கிக்கொண்டிருப்பான். அவள் புருஷன். கயிற்றில் இறங்கி இறங்கிக் கண்ணாடி துடைக்கும் வேலை. கயிற்றில் இருக்கும்போது போன் எடுக்கக் கூடாது, எடுத்தால் சூப்பர்வைசர் அன்றைக்கே அனுப்பிவிடுவார், அதனால் பகலில் அவன் இல்லாதவன். ராத்திரி சோறு சாப்பிட்டுக்கொண்டே சொல்வான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய ஆளெல்லாம் உக்காந்து பேசறாங்க, கை நீட்டிச் சண்ட போடறாங்க, சிரிக்கிறாங்க, ஒரு பொட்டு சத்தம் வராது, வாய் மட்டும் மீன் மாதிரி அசையும். கேட்கும்போது அவளுக்கும் சிரிப்பு வரும். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த மீன் வாய் நினைவுக்கு வந்தது, சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்கும் அப்படித்தானோ. அவள் குளிப்பாட்டும்போது பேசுகிறதெல்லாம், சோறூட்டும்போது காக்காவைக் கூப்பிடுகிறதெல்லாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வாய் அசைவதாகத்தான் அவனுக்குத் தெரிகிறதோ.

காதில் சீழ் வந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீழைத் துடைத்து, சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்தார்கள். அத்தோடு அனுப்பியிருக்கலாம். அந்த டாக்டரம்மா என்ன நினைத்தாளோ, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்து நர்ஸிடம் கொடுத்தாள். நர்ஸ் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று ஆட்டினாள். பிள்ளை டாக்டரம்மாவின் கழுத்தில் தொங்கிய குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி ஆட்டினாள். வெளியே வராந்தாவில் ஊர்ப்பட்ட சத்தம், எந்தப் பிள்ளைதான் மணிக்குத் திரும்பும் என்று மாதேஸ்வரி நினைத்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்து, நீங்க பின்னாடி போயி பேர் சொல்லிக் கூப்பிடுங்க, அம்மா குரலுக்குத் திரும்புறானான்னு பாக்கலாம் என்றாள். பின்னால் போய் நின்றாள். சாமி என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. அப்படி இல்லம்மா, பேர் சொல்லி நல்லா சத்தமாக் கூப்பிடு என்றாள் டாக்டரம்மா. பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் மட்டும் சப்பையான, வியர்வையில் முடி ஒட்டின தலை. வாய் திறக்கவே இல்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, பெத்தவளுக்குப் புள்ள பேரு தெரியலையாம் என்று யாரிடமோ சொன்னாள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, அடுத்த வாரம் அவங்க அப்பாவைக் கூட்டிட்டு வா, காது கேக்குதான்னு மெஷின் வச்சுப் பாத்துடலாம் என்று அனுப்பிவிட்டாள்.

பேர் தெரியாமல் என்ன. அது மாமனார் பேர். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தான் வைப்பார்கள், வைத்தார்கள். புருஷன் பேரையாவது ஆஸ்பத்திரி, ரேஷன் கடை என்று வந்தால் சொல்லித் தொலைக்கலாம். மாமனார் பேரை மருமகள் வாயில் போட மாட்டாள். மாமியார் அந்த வீட்டுக்கு வந்த நாளாக அதைச் சொன்னதில்லை. அந்தப் பேரில் பாதி பக்கத்து மலைக்கும் உண்டு என்பதால் அந்த மலையை அவர்கள் வீட்டுப் பொம்பளைகள் பெரிய மலை என்றுதான் சொல்வார்கள். பெருமாள் கோயிலில் ஐயர் உள்ளங்கையில் விடும் துளசித் தண்ணீருக்கும் அந்தப் பாதிப் பேர் இருந்துவிட்டது, அதனால் அது கோயில் தண்ணி. மாதேஸ்வரி வாழப் போன வீட்டில் அதையும் பழகிக்கொண்டாள். மனசுக்குள்ளேகூட அந்தப் பேர் வரும்போது ஓரமாக ஒதுங்கிக்கொள்வாள், எதிரே மாமனாரே வருவது போல. பிள்ளையைச் சாமி என்பாள், தங்கம் என்பாள், அவங்க என்றுகூடச் சொல்வாள். குல்சார் அக்கா குழாயடியில் கொயந்த பேரு இன்னா என்று கேட்ட அன்றைக்கு, அவங்க தாத்தா பேருதாங்க என்றாள். தாத்தா பேரு இன்னா என்றாள் அக்கா. அவள் குடத்தைப் பார்த்தாள். அப்ப நான் தாத்தான்னே கூப்டறேன் என்று அக்கா அன்றையிலிருந்து பிள்ளையைத் தாத்தா தாத்தா என்றே கொஞ்சுகிறாள். பேர் வைத்த அன்று நாத்தனார்தான் பிள்ளையை மடியில் போட்டு, வெற்றிலையை அணைத்துப் பிடித்து, காதில் அந்தப் பேரை மூன்று முறை சொன்னாள். எந்தக் காதில்? இதே காதில்தானே. பெற்றவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். தாய் வாயால் ஒரு தடவையும் சொல்லாத பேர், அந்தக் காதுக்குள் போய்த் தங்க இடம் இல்லாமல் சீழாக வெளியே வருகிறதோ. சே, என்ன புத்தி இது. பொட்டுத் தண்ணி உள்ளே போயிருக்கும்.

பஸ் நின்றது, இறங்கினார்கள், இறங்கினதைவிட அதிகமாக ஏறினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தக் கை இறங்கிப் போகலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் பிள்ளை மாதிரியே, யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கதவுப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை, முதுகுகள். டிரைவருக்கு மேலே இருந்த நீளக் கண்ணாடியில் பஸ்ஸின் உள்பக்கம் முழுக்கத் தெரிந்தது, சின்னதாக, ஆடிக்கொண்டு, கிணற்றுக்குள் தெரிகிற மாதிரி. அதில் பச்சை வளையலைத் தேடினாள். இருந்தது. கம்பியைப் பிடித்த கையில் பச்சை வளையல், ஆனால் நிற்கிற கை. இன்னொன்று இருந்தது, கூடையை அணைத்திருந்தது. இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரு பள்ளிக்கூடப் பெண் கையில்கூட. அப்புறம்தான் உறைத்தது, ஆடி மாசம், அம்மனுக்கு வளையல் சாத்திப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு கோயில், கோயிலுக்குக் கோயில் பச்சை வளையல். அவள் கையைப் பார்த்தாள். குல்சார் அக்கா, எவளோ குட்தாம்மா, எனக்கு எதுக்கு, நீ போட்டுக்கோ என்று போட்டுவிட்ட பச்சை வளையல் அவள் கையிலும் கிடந்தது. பஸ் முழுக்க ஒரே கை. அத்தனை கையில் எந்தக் கையிடம் போய், நீங்கதானே என்று கேட்பது?

ஒரு நிமிஷம் எல்லாமே தூரப் போனது. இந்த பஸ், இந்த வியர்வை நாற்றம், யாரோ தலையில் வாடின மல்லி. பிள்ளையே இல்லாமல் அவள் இந்த ஊருக்கு வந்தது போலவும், சைதாப்பேட்டைக்கு எதற்கோ போய்விட்டுச் சும்மா திரும்புவது போலவும், அறைக்குப் போனால் கொடியில் சின்னச் சட்டை எதுவும் காய்ந்துகொண்டிருக்காது என்பது போலவும் ஒரு நினைப்பு, கனவு மாதிரி மெதுவாக வந்து உட்கார்ந்தது. ராத்திரி வேடியப்பன் வந்து தட்டை இழுத்து உட்காருவான். எங்க என்பான். அவள் சொல்ல வேண்டும். ஜன்னல்ல குடுத்தேன். எந்த ஜன்னல்ல? கை ஒண்ணு நீட்டினாங்க. அவன் கத்த மாட்டான், அதுதான் பயம். கயிற்றில் இறங்குகிறவன் முகம் அவனுக்கு வந்துவிடும், கீழே பார்க்காத முகம். அவள் மாரில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. இது பிள்ளை பசியாற வேண்டிய நேரம். மனசு எதை மறந்தாலும் மாரு மறக்கவில்லை. எங்கேயோ அவன் அழுகிறான் என்று அது சொன்னது.

விஜயநகர் சிக்னலில் பஸ் நின்றது. வலது பக்கம் இன்னொரு பஸ் உரசுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவரின் ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள், ரோஸ் மூஞ்சி. அதன் ஜன்னல்கள் வரிசையாக அவள் பக்கம் திறந்திருந்தன, அவள் பிள்ளையைக் கொடுத்த அதே பக்கத்து ஜன்னல்கள். முதல் ஜன்னலில் ஒரு பெரியவர். அடுத்ததில் யாரோ போனில். மூன்றாவதில் ஒரு பொம்பளை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், அவள் தோளில் ஒரு குழந்தையின் தலை. கீழே மஞ்சள். சட்டையா, வெயிலா, அந்தப் பொம்பளையின் சேலையா? தலை அவளுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. ஒரு பக்கம் சப்பை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் சப்பைதான். காது தெரிந்தால் பஞ்சு தெரியும், காது துணிக்குள் இருந்தது. கூப்பிட்டால் திரும்புவான். திரும்பினால் தெரிந்துவிடும். சிக்னலில் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தன. கூப்பிட்டும் திரும்பாவிட்டால்? அது வேறு யார் பிள்ளையோ என்று அர்த்தமா, அல்லது அது தன் பிள்ளைதான், அவனுக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தமா? இரண்டு கதவு, இரண்டிலும் பூட்டு. சாமி என்று கூப்பிட முடியாது, ஊரில் எல்லாப் பிள்ளையும் சாமிதான். தங்கம் என்றால் எவள் வேண்டுமானாலும் திரும்புவாள். அந்தப் பிள்ளைக்கு என்று ஒன்று இருக்கிறது, ஒன்றே ஒன்று, அதை வைத்துத்தான் அவனை இத்தனை ஜனத்துக்குள்ளிருந்து பிரித்து எடுக்க முடியும். பக்கத்து பஸ் என்ஜினை உறுமவிட்டது. மாதேஸ்வரி டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியைத் தாண்டிக் குனிந்தாள். தொண்டைக்குள் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார், மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், அவள் ஒதுங்கவில்லை.

“தீர்த்தகிரி…”

அது அவள் குரல் இல்லை. மலையில் மாட்டைத் தொலைத்தவன் கத்துகிற கத்தல். டிரைவர் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்துப் பெண் காதிலிருந்த கொட்டையைப் பிடுங்கினாள். பஸ் முழுக்கத் திரும்பியது. பக்கத்து பஸ்ஸும் திரும்பியது, பெரியவர், போன்காரர், அந்தப் பொம்பளை. தோளில் கிடந்த தலை மட்டும் திரும்பவில்லை. அசையக்கூட இல்லை. பச்சை விழுந்தது. அந்த பஸ் அவள் கண்ணெதிரே ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து போனது. மறுபடி கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. யாரும்மா அது, ஆர கூப்புடற என்று யாரோ கேட்டார்கள். கொழந்தைங்க, என் கொழந்த, ஜன்னல்ல குடுத்தனுங்க என்றாள். கொயந்தையாம், பேரு தீர்த்தகிரியாம் என்று முன்னால் நின்ற அம்மாள், டிக்கெட்டுக்குச் சொன்ன அதே மாதிரி, பின்னால் சொன்னாள். தீர்த்தகிரி கீறானா என்று அடுத்தவர் சொன்னார். தீர்த்தகிரி, தீர்த்தகிரி என்று அந்தப் பேர் ஆள் மாறி ஆள் மாறிக் கூட்டத்துக்குள் போனது. அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக எந்த மருமகளும் தொடாத பேரை இத்தனை பேர் வாயில் வாங்கிப் பின்னால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பஸ்ஸின் வாலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னாமே, இங்கதான கீறான் உன் புள்ள. அங்க போற பஸ்ல இன்னாத்துக்குத் தேடற?”

கூட்டம் சிரித்தது. பக்கத்து பஸ்ல புள்ளய போட்டுட்டு இந்த பஸ்ல ஏறிட்டேன்னு நெனச்சுக்கிச்சு போல என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார், இன்னும் சிரித்தார்கள். கண்டக்டர், பையனுக்கு டிக்கெட் எடுக்கலியே, அதான் நான் கணக்குல வுட்டுட்டேன் என்றார். இந்தக் கத்து கத்தினா செவுடனுக்கே கேட்டுடும்மா என்று டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தச் சொல் மட்டும் அவள் மேல் பட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிள்ளை வந்தான். நடக்க வழி இல்லாததால் கை மேல் கையாக வந்தான். பச்சை வளையல் கையிலிருந்து கடிகாரம் கட்டின கைக்கு, கூடைக்காரியின் கைக்கு, மருதாணிக் கைக்கு. தலைகளுக்கு மேலே மஞ்சள் சட்டையோடு மிதந்து வந்தான். காதில் பஞ்சு இருந்தது. அழவில்லை. யார் கொடுத்த முறுக்கோ, அதன் ஒரு வளையம் விரலில் மாட்டியிருந்தது. அவள் கைக்கு வந்ததும் அவன் மாரைத் தேடினான், அவள் முந்தானையால் மூடிக்கொண்டு அப்படியே என்ஜின் பெட்டியில் சாய்ந்தாள். பஸ் காலியாகக் காலியாக, பிள்ளையை வைத்திருந்த பொம்பளை கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள், இறங்க வேண்டியவள். மாதேஸ்வரி முதலில் தழும்பைப் பார்த்தாள். அப்புறம் மெல்ல மேலே போய் முகத்தைப் பார்த்தாள். பெரிய மூக்குத்தி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, சிரித்தால் அந்தச் சந்தும் சிரித்தது. பஜ்ஜி போடற கை, அதான் இப்டி என்று தழும்பை அவளே காட்டிச் சொன்னாள், பார்வையைக் கவனித்திருப்பாள் போல. அக்கா, அவன் அழுதானா என்று கேட்டாள் மாதேஸ்வரி.

“அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. ஆரன் அடிக்கிறாங்க, இவன் காதாண்டயே விசிலு ஊதறாங்க, எதுக்கும் அசையல, வெளியவே பாத்துக்கினு வரான். நான்கூட இன்னாடா இதுன்னு நெனச்சேன். நீ முன்னாலேர்ந்து கத்தின பாரு, வெடுக்குனு திரும்பி முன்னாடி பாத்தான். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது இவந்தான் அந்த தீர்த்தகிரின்னு.”

திரும்பினானா என்றாள் மாதேஸ்வரி. திரும்பினான்றேன்ல என்றாள் அந்த அக்கா. நெசமாவா என்றாள். அட, பொய் சொல்லி நான் இன்னா வாங்கப் போறேன் உங்கிட்ட என்று சிரித்துவிட்டு, பிள்ளையின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் முறித்துக்கொண்டு இறங்கிப் போனாள். முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர், தீர்த்தகிரின்னா நீ தர்மபுரி பக்கமாம்மா என்று கேட்டார். அவரையும் நிமிர்ந்து பார்த்து, அரூருங்க என்றாள். அதற்குள் பள்ளிக்கரணை போயே போய்விட்டது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

வெயில் சாய்ந்திருந்தது. வந்த வழியே நடந்தாள், சாலையின் ஒரு பக்கம் வீடும் கடையும், மறு பக்கம் வேலிக்கு அப்பால் பெரிய தண்ணீர்க் காடு, அதில் காலை மடக்கி நிற்கும் வெள்ளைப் பறவைகள். தூரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம் முழு வெயிலையும் வாங்கிக்கொண்டு எரிந்தது. வேடியப்பன் அதில் இருந்தாலும் இருப்பான். ராத்திரி வந்ததும் எதை முதலில் சொல்வது, தொலைத்ததையா, கிடைத்ததையா, திரும்பினானாம் என்பதையா? அடுத்த வாரம் மெஷின் வைத்துப் பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதான். ஆனால் மெஷினுக்கு முன்னால் நானே பின்னால் நின்று கூப்பிடுகிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். குல்சார் அக்காவிடமும் பேரை இன்றைக்கே சொல்ல வேண்டும், ஆனாலும் அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். லாரி ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போனது. இடுப்பில் இருந்த பிள்ளை பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், பஞ்சு வைத்த காது அவள் பக்கம். அவள் வாயை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய், தீர்த்தகிரி என்றாள். இந்தத் தடவை தொண்டையில் யாரும் எதிரே வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். நாத்தனார் மூன்று முறை சொன்னாள், மூன்றோடு நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான்காவது தடவைக்குப் பிள்ளை பறவையை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்து, முறுக்கு ஒட்டின விரலை அவள் வாய்க்குள் விட்டான். விரலோடு சேர்த்தே சொன்னாள். அரூரில் இந்நேரம் மாமனார் டீ குடித்துக்கொண்டிருப்பார், அவருக்குப் புரையேறியிருக்கும். ஏறட்டும்.